முற்றத்தில் நிற்கும் கம்பனிக் கார்

மார்ச் 3, 2025, திங்கள்

கடிதம் வந்துவிட்டது. நான் வேலை செய்த உரக் கம்பனியைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டு, அதன் சொத்தையும் கடனையும் பார்த்துத் தீர்க்க லிக்விடேட்டர் ஒருவரையும் நியமித்திருக்கிறது. இரண்டு மாதமாகச் சம்பளம் இல்லை, எதிர்பார்த்ததுதான். 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தபோது தொடங்கிய சரிவு இது. விற்க உரமில்லாமல் கந்தப்பளை, ராகலை மரக்கறித் தோட்டங்களுக்குப் போய் நின்ற நாட்களை மறக்க முடியாது. அதே வருடக் கடைசியில் தடை நீங்கியது. கம்பனியின் கடன் நீங்கவில்லை.

வேலைக்காகக் கம்பனி தந்த கார் முற்றத்தில் நிற்கிறது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சம்பளம் குடுக்காதவனுக்கு நீ எதுக்கும்மா காரைக் குடுக்கணும்? வச்சிக்க."

2020இல் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி போன மாதம்தான் மறுபடி திறந்தது. இந்தப் பழைய ஆல்டோவுக்கும் நல்ல விலை போகும். அப்பாவுக்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

டேஷ்போர்டில் கிடந்த கார் புக்கின், அதாவது பதிவுப் புத்தகத்தின், கொப்பியை இன்றுதான் முழுதாக வாசித்தேன். பதிவு கம்பனி பெயரில். அதற்குக் கீழே முழு உரிமையாளர் என்று, காரைத் தவணைக்குக் கொடுத்த லீசிங் நிறுவனத்தின் பெயர். நாலரை வருடம் ஓட்டிய காரில் எனக்கென்று ஒரு எழுத்தும் இல்லை.

நுவரெலியாவில் லோயரைப் பார்த்தேன். சம்பளப் பாக்கிக்காகக் காரைப் பிடித்து வைத்தால் நம்பிக்கை மோசடி என்று என் மேலேயே வழக்கு வரலாம் என்றார். "சம்பளத்தை எழுத்துல கேளுங்க மிஸ். காரை ஒப்படைச்சிருங்க. யார்கிட்ட ஒப்படைக்கிறீங்கங்கிறதுலதான் கவனமா இருக்கணும்." இரவே லிக்விடேட்டருக்கு ஈமெயில் அனுப்பினேன்: கார் எங்கே நிற்கிறது, எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, சாவி யாரிடம், யாரிடம் கொடுக்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

இன்சூரன்ஸ் 9ஆம் திகதியோடு முடிகிறது. இனி யார் கட்டுவார்கள்? வருடாவருடம் எடுக்கும் ரெவனியூ லைசன்ஸ் ஓகஸ்ட் வரைக்கும் இருக்கிறது, ஆனால் இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறக்கக்கூடாது. 9ஆம் திகதிக்குப் பிறகு ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவின் கிளினிக்குக்கு பஸ்ஸில்தான் போக வேண்டும். அவருக்கு முழங்கால் வலி.

மார்ச் 8, சனி

காலை ஏழு மணிக்கு, பனிமூட்டம் கலையுமுன்னே ஒருவர் வந்தார். பழைய டைரக்டர் அனுப்பினாராம். "சாவியக் குடுங்க தங்கச்சி, மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்." லிக்விடேட்டரின் கடிதம் இருக்கிறதா என்று கேட்டேன். அது எதற்கு, டைரக்டரே சொல்லிவிட்டார் என்றார்.

லிக்விடேட்டர் வந்த பிறகு கம்பனிச் சொத்தில் டைரக்டரின் கை நீளாது. இதை லோயர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். கார் அவரோடு போய்விட்டால் பிறகு கேள்வி என்னிடம்தான் வரும். சாவி என் சுவெட்டர் பையில்தான் இருந்தது. கையை வெளியே எடுக்காமலே பேசினேன். அப்பா வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். வந்தவர் கேற்றை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வச்சிக்க என்ற பேச்சை அப்பா எடுக்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி விடுமுறை. ஒபிஸ் எதுவும் இல்லை. காரைக் கழுவினேன்.

சீற்றுக்கடியில் யூரியா மணிகள் பனி ஈரத்தில் கரைந்து பாயில் ஒட்டிக்கிடந்தன. பின் சீற்றில் காய்ந்த லீக்ஸ் தாள் ஒன்று, கரட் விதைப் பக்கற்றின் கிழிந்த மூலை, டீசல் கறை படிந்த டெலிவரி நோட். டேஷ்போர்ட் பெட்டிக்குள் நான் கைக்காசு போட்டு அடித்த பெற்றோல் பில்கள் பதினொன்று. அவற்றை மட்டும் எடுத்து வைத்தேன், அவை என் கணக்கு. மீற்றர் 87,412. அதைப் படம் எடுத்தேன். நாலு டயர், ஸ்பெயார் வீல், ஜெக், இடது கதவில் ரம்பொடை வளைவில் பட்ட கீறல், எல்லாவற்றையும் திகதி தெரியும்படி எடுத்தேன்.

மார்ச் 18, செவ்வாய்

பதில் வந்தது. லீசிங் கட்டணம் பல மாதம் பாக்கி, காரை மீட்பதில் மற்றக் கடன்காரர்களுக்கு லாபமில்லை, லீசிங் நிறுவனத்திடமே கொடுக்கச் சம்மதம் என்று லிக்விடேட்டர் கையெழுத்தோடு எழுதியிருக்கிறார். அதன் கொப்பியோடும் லொறியோடும் இருவர் வந்தார்கள். நான் எழுதி வைத்த பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். கண்ணாடியில் அம்மா கட்டியிருந்த எலுமிச்சை மிளகாயை நானே அவிழ்த்தேன்.

லொறி திருப்பத்தில் மறையும்வரை அம்மா படியில் நின்றார்.

மார்ச் 20, வியாழன்

நுவரெலியா தொழில் அலுவலகம். கார் ஒரு கவலை, இதுதான் பெரிய கவலை. என் சம்பளத்தில் 8 சதவீதம் ஈ.பி.எப்., அதாவது ஊழியர் சேமலாப நிதி, என்று மாதாமாதம் கழித்தார்கள். அவர்கள் பங்கு 12. ஆனால் போன செப்டெம்பருக்குப் பிறகு என் கணக்கில் எதுவும் விழவில்லை. என் காசையே எடுத்துவிட்டுக் கட்டாமல் விட்டதை நினைக்கும்போது தொண்டை அடைக்கிறது. ஒன்பது வருடச் சேவைக்கு, வருடத்துக்கு அரை மாதமாக, நாலரை மாதச் சம்பளம் பணிக்கொடை. சம்பளமும் சேமலாப நிதியும் பணிக்கொடையும் சட்டத்தில் முன்னுரிமைக் கடன்கள். ஆனாலும் கேட்டு எழுதாதவருக்கு யாரும் தேடி வந்து தர மாட்டார்கள் என்றார் அந்த அதிகாரி.

லிக்விடேட்டரின் படிவத்தை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து நிரப்பினேன். இரண்டு மாதச் சம்பளம், பணிக்கொடை, ஈ.பி.எப். பாக்கி, பதினொரு பில். பதிவுத் தபாலில் போட்டுவிட்டு நாலரை பஸ்ஸில் ஏறினேன். கந்தப்பளை சந்தியில் பழைய தோட்டக்காரர் ஒருவர் கையைக் காட்டினார். உருளைக்கிழங்குக்கு எந்த உரம் போடலாம் என்று கேட்டார். சொல்லிக்கொண்டே அவரோடு நடந்தேன்.