தடிமன் என்றால் படலையோடு நில்லுங்கள்

சித்தி தெல்லிப்பழையில் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றிக்கொண்டு கிளிநொச்சிக்குத் திரும்பி எட்டாம் நாள். பார்க்க வந்த ஒருவர் மூக்கைத் துடைத்தபடி, "சும்மா தடிமன்தான்" என்று கட்டிலில் இருந்து அவவின் கையைப் பிடித்தார். மூன்றாம் நாள் காய்ச்சல். "ரெண்டு பனடோல் போட்டால் சரி, பிள்ளை" என்றா. வெப்பமானியில் 38.4. உடனே ஓட்டோ பிடித்தோம்.

சும்மா தடிமன் என்று நினைப்பது இன்புளுவென்சாவாகவும் இருக்கலாம். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் உடம்பில் அது நிமோனியா வரை போய்விடலாம். 38 பாகையைத் தொட்டாலே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். இன்புளுவென்சாவுக்குக் கொடுக்கும் ஒசெல்டமிவிர் மருந்தை அறிகுறி தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் தொடங்குவது நல்லது. ஊசியாகப் போடும் இன்புளுவென்சா தடுப்பு மருந்தில் உயிருள்ள வைரஸ் இல்லை, புற்றுநோயாளருக்கும் போடலாம். எப்போது என்று அவர்களின் டொக்டரிடம் கேளுங்கள். வீட்டில் இருப்பவர்களும் போடுங்கள்.

தடிமனோடு வந்தால் படலையில் நின்றே சுகம் கேளுங்கள். கோபிக்கமாட்டோம். சித்தி இப்போதுதான் கஞ்சி குடிக்கத் தொடங்கியிருக்கிறா.