நரியறைக்குப் போகும் வழி

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

எங்கள் பக்கத்தில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்ட மத்திய அரசு விட்ட ஏலம் ரத்தாகி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த ஏல அறிவிப்பு மனதைவிட்டுப் போகவில்லை. மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கத்து மலை, கண்மாய், வயல் எல்லாம் சேர்ந்த 2,015 ஹெக்டேருக்கு அவர்கள் வைத்த பெயர் ஒன்றே ஒன்று: 'நாயக்கர்பட்டி பிளாக்'. அரிட்டாபட்டியும் அதற்குள்தான். எங்கள் ஊரிலோ பத்து எட்டு வைத்தால் பேர் மாறும். அதையெல்லாம் எழுதி வைக்கலாம் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். "பத்தாது" என்றார் அம்மா.

பிப்ரவரி 11

பெரியப்பாவோடு கண்மாய்க்கரை. கிழக்கு மடை, மேற்கு மடை என்று எழுதப் போனேன். "அப்படி யாருப்பா சொல்றா? இது மேட்டுமடை, அது பள்ளமடை" என்றார். தண்ணீர் இறங்கினால் மேட்டுமடை முதலில் நின்றுவிடும். பள்ளமடை கடைசிவரை பாயும். பள்ளமடைக்குக் கீழே நிலம் உள்ள வீட்டில் பெண் கொடுக்க ஒரு காலத்தில் போட்டியாம். பட்டாவில் இருப்பது வெறும் சர்வே எண்.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஒரே பாறைக்கு இரண்டு பெயர். வயல்காரர்களுக்கு அது களத்துப்பாறை, கதிர் அடித்த இடம். ஆடு மேய்க்கிற மாமாவுக்குத் தண்ணிப்பாறை. மேலே ஏறிப் பார்த்தேன். முறம் அளவுக்கு ஒரு பள்ளம், அதில் பாசி படர்ந்த தண்ணீர், சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை. எது சரி என்று நான் யார் சொல்ல? இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பிப்ரவரி 18

கால்வலி. எங்கும் போகவில்லை.

பிப்ரவரி 23, ஞாயிறு

அப்பத்தா சொன்ன 'நரியறை'யை, நரி குடியிருந்த பொந்து என்று போன வாரமே எழுதிவிட்டேன். இன்று போய்ப் பார்த்தால் பொந்தும் இல்லை, குகையும் இல்லை. யானை முதுகு மாதிரி வழுவழுவென்று ஒரு பாறை, அவ்வளவுதான்.

திரும்பி வரும்போதுதான் உறைத்தது. மாங்குளம் மலையில் 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த தமிழி (பழைய தமிழ் எழுத்து) கல்வெட்டுகளில் 'வெள்ளறை நிகமத்தோர்', அதாவது வெள்ளறை வணிகக் குழுவினர், என்று வருகிறது. நான்குவழிச் சாலையோரம் இருக்கும் வெள்ளரிப்பட்டிதான் அந்த வெள்ளறை என்பது ஆய்வாளர்கள் கருத்து. பழந்தமிழில் அறை என்றால் பாறை. வெள்ளறை, வெள்ளைப் பாறை. இத்தனை நாளும் வெள்ளரிக்காய் விளைந்த ஊர் என்றே நினைத்திருந்தேன். 2,000 வருஷத்துக்கு முந்தைய அந்தச் சொல், எங்கள் வீட்டுத் திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருக்கிறதோ?

ராத்திரி கேட்டேன்: "அப்பத்தா, அறைன்னா பாறையா?"

"அறைன்னா அறைதான்டா."

"சரி, நரி?"

"நரி இருந்துச்சு. நீங்க ரோடு போட்டீங்க, போயிருச்சு."

பொந்து என்று எழுதியதை அடித்தேன். நோட்டில் ஆறு பக்கம் பாக்கி. கண்மாய்க்கு மேற்கே இன்னும் போகவே இல்லை.