மார்ச் 31-ம் காட்டுத் தீயும்

முதுமலைப் பக்கம், அரசு நிதியில் நடந்த ஒரு காட்டுத் தீ ஆய்வில் களப் பணியாளராகச் சில ஆண்டுகள் இருந்தேன். பெரும்பாலும் சருகு சேகரிக்கும் வேலை. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் கிடக்கும் தேக்கிலை, சுள்ளி, காய்ந்த புல் எல்லாவற்றையும் தனித்தனிப் பைகளில் அள்ளி அங்கேயே எடை போடுவோம். அப்புறம் ஓவனில் எடை குறைவது நிற்கும் வரை உலர்த்தி, மறுபடி எடை. குறைந்தது எவ்வளவோ அதுதான் ஈரம். காலையில் மடித்தால் வளையும் இலை, மதியம் இரண்டு மணிக்குக் கையிலேயே நொறுங்கும். காற்று, சரிவு இவற்றோடு, தீ எவ்வளவு வேகமாக ஓடும் என்பதை அந்த ஈரம்தான் தீர்மானிக்கிறது.

எங்களோடு வந்த தீத்தடுப்புக் காவலர் ஒருவர் இதை எடை போடாமலே சொல்வார். உண்ணிச்செடிப் புதரைக் காட்டி, “தம்பி, இங்க பத்துனா கீழ நிக்காது, மரத்துக்கு ஏறிடும்” என்பார். அவர் சொன்ன இடங்களைத்தான் முதலில் அளந்தோம்.

டேராடூனிலிருந்து இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகத் தீ எச்சரிக்கை அனுப்புகிறது. பெரிய உதவிதான். ஆனால் அது தீ பற்றிய பிறகு வரும் தகவல். பற்றினால் எந்தப் பக்கம் ஓடும், தீ தாண்டாமல் இருக்கச் செடி, சருகை அகற்றி விடும் தீத்தடுப்புக் கோடு எவ்வளவு அகலமாக இருக்க வேண்டும் என்பதற்குத் தரையில் எடுத்த கணக்கு வேண்டும்.

அந்தக் கணக்குக்கான பணம்தான் நேரத்துக்கு வராது. இங்கே தீக்காலம் பிப்ரவரியில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் உச்சத்துக்குப் போகும். நிதியாண்டோ மார்ச் 31-ல் முடிகிறது. காடு எரியும் மாதத்தில் நாங்கள் ரசீதுகளை ஒட்டி, வந்த பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழைத் தயார் செய்துகொண்டிருப்போம். ஒரு வருடம் ஜீப்புக்கு டீசல் போடக்கூடப் பணம் இல்லை. அடுத்த தவணை வந்தபோது மழை பெய்து காடு பச்சையாகிவிட்டது. அந்தக் கோடையின் சருகை இனி யாராலும் அளக்க முடியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனது ஆறவில்லை.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போன 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி இறந்தார்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி எப்படிப் பாயும் என்பது கணிக்கக்கூடிய விஷயம். ஆனால் அந்தச் சரிவின் புல்லையும் ஈரத்தையும் முன்பே யாராவது அளந்து வைத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1949-ல் மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் பற்றிய தீயில் 13 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். 1960-ல் அதே மாநிலத்தின் மிசூலா நகரில் அரசே தீ ஆய்வகம் திறந்தது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ரோதர்மெல், தீ பரவும் வேகத்துக்கான சமன்பாட்டை வெளியிட்டது 1972-ல். ஆய்வகம் திறந்து 12 வருடம் கழித்து. நம் ஊரிலும் பொறுமைக்கு உதாரணம் உண்டு. இந்திய அறிவியல் கழகம் முதுமலையில் 1988-ல் தொடங்கிய 50 ஹெக்டேர் ஆய்வுத் திடலில் இன்றுவரை மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். தீக்குப் பிறகு எந்த மரம் பிழைக்கிறது என்பதை இப்படிப்பட்ட நீண்ட பதிவுதான் சொல்லும். மூன்று வருடத் திட்டத்தால் முடியாது.

தீ ஆய்வுக்குக் குறைந்தது பத்து வருட நிதியை உறுதி செய்ய வேண்டும். களச் செலவுக்கான பணம் ஜனவரியிலேயே கைக்கு வர வேண்டும். மார்ச் முடிந்தாலும் அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது. கோடைக்கு மட்டும் வேலைக்கு எடுக்கப்படும் காவலர்களுக்கு, அளவெடுக்கும் வேலைக்கென்று தனிக் கூலியும் அதில் இருக்க வேண்டும்.