குளியலறை ஸ்பானியம்: மூன்றாம் சுற்றுக் குறிப்பு

ஸ்பானியக் குளியலறைச் சொற்களைப் பேச்சு ஆங்கிலத்துக்கு மாற்றும் அட்டைகள் இப்போது 60 ஆகிவிட்டன. முதல் சுற்றில் எழுதியவற்றில் பாதிக்குமேல் கிழித்தாயிற்று. ஒரு பக்கம் ஸ்பானியம், மறுபக்கம் ஆங்கிலம் என்று இரண்டே கட்டம் போட்டதுதான் தவறு. ஸ்பானியம் நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஆங்கிலமும் அமெரிக்காவில் ஒரு மாதிரி, பிரிட்டனில் ஒரு மாதிரி.

இப்போது ஓர் அட்டைக்கு ஐந்து வரி: ஆண்பால் 'எல்' அல்லது பெண்பால் 'லா' சேர்த்த ஸ்பானியச் சொல், எந்த நாட்டு வழக்கு, அமெரிக்கச் சொல், பிரிட்டிஷ் சொல், கடைசியில் பேச்சில் வரும் ஒரு முழு வாக்கியம். கடைசி வரி காலியாக இருந்தால் அந்த அட்டை எண்ணிக்கையில் சேராது. நாட்டு வழக்கைச் சரிபார்க்க அகராதியைவிட அந்தந்த நாட்டு வன்பொருள் கடைகளின் விலைப்பட்டியல் உதவுகிறது. சொல்லுக்குப் பக்கத்திலேயே பொருளின் படம் இருக்கும், வாதத்துக்கு இடமில்லை.

ஐந்து வரி ஏன் தேவை என்பதற்குக் குழாய் ஒன்றே போதும். ஸ்பெயினில் அது கிரிஃபோ. மெக்ஸிகோ, கொலம்பியா, சிலியில் ய்யாவே. அர்ஜென்டினாவில் கனீயா (அங்கே ஒலிப்பு 'கனீஷா'). பெருவில் கான்யோ. அமெரிக்கர் இவை எல்லாவற்றையும் ஃபாஸெட் என்பார், பிரிட்டிஷ்காரர் டேப் என்பார். ஆனால் குழாய்த் தண்ணீர் என்று வந்தால் அமெரிக்கரும் டேப் வாட்டர்தான் சொல்வார். 'ஃபாஸெட் வாட்டர்' காதில் உறுத்தும். ய்யாவேக்கு இன்னொரு வம்பு: சாவிக்கும் அதே சொல், ஸ்பேனருக்கும் அதே சொல். 'சியெர்ரா லா ய்யாவே' என்பதைச் சொல்லுக்குச் சொல் வைத்தால் 'க்ளோஸ் த கீ' என்று அபத்தமாக நிற்கும். வரவேண்டியது 'டர்ன் ஆஃப் த ஃபாஸெட்'. ஆங்கிலத்தில் குழாயைத் திருப்பி நிறுத்துவார்கள், மூடமாட்டார்கள். தமிழர்களுக்கு இந்தச் சொல் நினைவில் நிற்க ஒரு வழி உண்டு: நம் 'சாவி' போர்த்துகீசிய 'சாவே'யிலிருந்து வந்தது, அதன் உடன்பிறப்புதான் ய்யாவே. துவாலையும் அப்படித்தான். போர்த்துகீசியத்தில் துவால்யா, ஸ்பானியத்தில் தொவாய்யா. அந்த அட்டைக்கு இரண்டாம் பார்வையே தேவைப்படவில்லை.

கைகழுவும் பேசின் ஸ்பெயினிலும் மெக்ஸிகோவிலும் லவாபோ, கொலம்பியாவில் லவாமானோஸ், சிலியில் லவதோரியோ. கடைசிச் சொல் ஒரு பொறி. 'லாவட்டரி' என்று எழுதக் கை பரபரக்கும். ஆங்கிலப் பேச்சில் அது கழிப்பறை. அமெரிக்கப் பிளம்பர்கள் மட்டும் பேசினை இன்றும் லாவட்டரி என்கிறார்கள். சாதாரணப் பேச்சுக்கு அமெரிக்காவில் சிங்க், பிரிட்டனில் பேசின் அல்லது சிங்க்.

கழிப்பறைக் கோப்பைக்கு இனொதோரோ. சொல்லின் நேர்ப்பொருள் 'மணமற்றது'. வாயுவுக்கும் இதே சொல்லை அடைமொழியாகப் போடுவார்கள் என்பதால், தனிச்சொல்லாக மொழிபெயர்ப்பு இயந்திரத்திடம் கொடுத்தால் 'ஓடர்லெஸ்' என்று வர வாய்ப்புண்டு. ஸ்பெயினில் வாத்தேர் என்றும் கேட்கலாம். அது ஆங்கில 'வாட்டர் க்ளாஸெட்' போய் உடை மாற்றிக்கொண்டது. மெக்ஸிகோவில் எஸ்குசாதோ. எல்லாமே டாய்லெட்தான். ஆனால் அமெரிக்காவில் டாய்லெட் என்றால் கோப்பை, பிரிட்டனில் அறையும் அதுவே. ஆகவே 'தோந்தே எஸ்தா எல் பான்யோ?' (குளியலறை எங்கே?) என்ற கேள்வி அமெரிக்க வீட்டில் 'பாத்ரூம்', அங்கேயே உணவகத்தில் 'ரெஸ்ட்ரூம்', லண்டனில் 'டாய்லெட்' அல்லது 'லூ'. ஸ்பெயினின் 'செர்வீசியோஸ்' (கழிப்பறை) பலகையை 'சர்வீசஸ்' என்று மாற்றவே கூடாது. பிரிட்டிஷ் நெடுஞ்சாலையில் அந்தச் சொல் பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் நிறுத்தத்தைக் குறிக்கும்.

ஸ்பானிய வீட்டு விளம்பரத்தில் 'ஒரு பான்யோ, ஓர் அசேயோ' என்று வரும். அசேயோவில் கோப்பையும் பேசினும் மட்டும் இருந்தால் அமெரிக்கக் கணக்கில் ஹாஃப் பாத். ஷவரும் இருந்தால் த்ரீ க்வார்ட்டர் பாத். படத்தைப் பார்க்காமல் இந்த அட்டையை நிரப்ப முடியாது.

ஷவர்: ஸ்பெயினில் தூச்சா, மெக்ஸிகோவில் ரெகதேரா. ஸ்பெயினில் ரெகதேரா என்றால் செடிக்கு நீரூற்றும் பூவாளி. ஷவரின் தலைப்பகுதி ஸ்பெயினில் அல்காச்சோஃபா, அதாவது கூனைப்பூ. வடிவத்தைப் பார்த்தால் பெயர் வைத்தவரைப் பாராட்டத் தோன்றும். ஆங்கிலத்தில் வெறும் ஷவர் ஹெட். ப்ளாத்தோ தே தூச்சா என்பதில் 'ப்ளாத்தோ' தட்டு. பிரிட்டனில் ஷவர் ட்ரே, அமெரிக்காவில் ஷவர் பேஸ் அல்லது ஷவர் பேன்.

பெயர்ச்சொற்களைவிட வினைகளில்தான் அதிகம் சறுக்குகிறது. ஸ்பானியம் உடலுறுப்புக்கு முன் 'லா', 'லோஸ்' போடும், ஆங்கிலம் 'மை' கேட்கும். 'மே லாவோ லாஸ் மானோஸ்' என்பது 'ஐ வாஷ் மை ஹேண்ட்ஸ்'. பல்லுக்கும் ஸ்பானியத்தில் அதே 'லாவோ' வரலாம், ஆங்கிலத்தில் பல்லை 'வாஷ்' செய்தால் சிரிப்பார்கள், 'பிரஷ்' வேண்டும். மெக்ஸிகோக்காரர் 'மே பான்யோ' என்று சொல்வது பெரும்பாலும் ஷவரில் குளிப்பதை. அதை 'டேக் எ பாத்' ஆக்கினால் தொட்டியில் படுத்துக் குளித்ததாக அர்த்தம் மாறிவிடும்.

'தீரார் தே லா கதேனா' சங்கிலியை இழுப்பது. மேல்தொட்டிக் காலத்து வழக்கு, பொத்தான் வந்தபின்னும் போகவில்லை. ஆங்கிலத்தில் ஒரே சொல், ஃப்ளஷ். 'தே' இல்லாமல் 'தீரார்' மட்டும் வந்தால் பெரும்பாலும் எறிவது. 'நோ தீரார் பப்பேலெஸ் அல் இனொதோரோ' என்ற அறிவிப்பைப் 'பேப்பர்ஸ்' என்று பன்மையில் மாற்றினால் ஆவணங்களோ செய்தித்தாள்களோ என்று தோன்றும். 'ப்ளீஸ் டோன்ட் ஃப்ளஷ் பேப்பர்' போதும்.

சின்னச் சாமான்களில் சிக்கியவை: மெக்ஸிகோவின் ராஸ்த்ரீயோ (ரேஸர், மற்ற இடங்களில் தோட்டத்தில் இலை வாரும் வாரி), ஸ்பெயினின் சுவாவிஸாந்தே (கண்டிஷனர், துணி மென்மையாக்கியும் அதே சொல், பாட்டிலைப் பார்த்தே எழுதவேண்டும்), மருந்து அலமாரியில் 'கோன்ஸ்திபாதோ' (ஸ்பெயினில் சளி, ஜலதோஷம், மலச்சிக்கல் அல்ல).

குழாய்க் கைப்பிடிக்குத் தனி அட்டை, சிவப்பு மையில். ஸ்பானியக் குழாயில் 'சி' எழுத்து இருந்தால் காலியெந்தே, வெந்நீர். 'எஃப்' ஃப்ரீயா, குளிர்நீர். ஆங்கிலக் குழாயில் அதே 'சி' கோல்ட். ஐந்தாம் வரியில் வாக்கியத்துக்குப் பதில் இரண்டு வட்டம் வரைந்திருக்கிறது.

மிச்சம் இருப்பது பிளம்பர்: ஸ்பெயினில் ஃபொந்தனேரோ, மெக்ஸிகோவில் ப்ளொமேரோ, சிலியில் காஸ்ஃபீத்தேர். அடைத்துக்கொண்ட கோப்பைக்கு அமெரிக்காவில் 'க்ளாக்ட்', பிரிட்டனில் 'ப்ளாக்ட்' என்பது வரை ஏறிவிட்டது. ஒழுகலுக்கும் சொட்டலுக்கும் வாக்கியங்கள் அடுத்த சுற்றில்.