மெட்டுக்கு அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் ஆசான்

"நாடு எவிடெயா மோனே?" என்று ஒர்க்‌ஷாப் ஆசான் என் சின்ன மகனிடம் கேட்டார். தூக்கி நிறுத்தியிருந்த எங்கள் குட்டியானைக்கு அடியில் எட்டிப் பார்த்துக்கொண்டே அவன், "ராஜகுமாரி" என்றான். ஒரு நொடி யோசிக்கவில்லை. எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அவன் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. பிறந்தது இந்தப் பக்கம், படிப்பது இந்தப் பக்கம், கூட்டாளிகள் எல்லாரும் இந்தப் பக்கம். ஆனாலும் போடி என்று சொல்லுவான் என்றுதான் காது காத்திருந்தது.

போடிநாயக்கனூரிலிருந்து பார்த்தால் நாங்கள் குடியேறிய ஊர் ஒன்றும் தூரமில்லை. 17 கொண்டை ஊசி வளைவு ஏறினால் போடிமெட்டு, அங்கே ஒரு செக்போஸ்ட், தாண்டினால் இடுக்கி மாவட்டம். பூப்பாறை போய்த் திரும்பினால் ராஜகுமாரி. கடல் தாண்டிப் போனவர்களுக்கு விசா, விமானம் என்று பெரிய கதை இருக்கும். எங்களுக்கு மலை மட்டும்தான். ஆனால் மலை ஏறியதும் கடைப் பலகையில் எழுத்து மாறுகிறது, அரிசி குண்டாகிறது, கீழே ஆடிக் காற்று புழுதி பறக்க அடிக்கும் நாளில் மேலே விடாமல் மழை கொட்டுகிறது. 1956-ல் மாநிலம் பிரித்தபோது தேவிகுளம், பீருமேடு எல்லாம் கேரளத்தோடு நின்றதால் இந்த மலையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அந்தக் கணக்கில் வர மாட்டோம். கல்யாணம் முடிந்து, காய்கறிக் கடை வைக்கலாம் என்று ஏறி வந்தவர்கள். கடையில் அவர் உட்காருவார், வண்டி ஓட்டுவது நான். பட்டறைக்காரர் மகள், ஸ்டியரிங் எனக்குப் புதுசு இல்லை.

கிளட்ச் போனது ஓணத்துக்கு முந்தின வாரம். அந்த வாரத்தின் அருமை காய்கறி வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தெரியும். தேனிப் பக்கத்துக் காயெல்லாம் மேற்கே பார்த்துத்தான் போகும். சேனை, பூசணி, முருங்கை, வெண்டை, நேந்திரங்காய் எல்லாம் மூட்டை மூட்டையாக ஏறும். 750 கிலோ சுமக்க என்று செய்த வண்டி, அந்தப் பாரத்தோடு மலை ஏறும்போது இரண்டு சிலிண்டரும் தம் பிடித்து முக்கும். மேலே போகப் போக எஞ்சின் மட்டும் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம்தான் கூடுகிறது. அப்புறம் அந்த வாடை. கிளட்ச் கருகும் வாடையை ஒரு தடவை மோந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஏலத்தோட்ட வேலைக்குப் போடியிலிருந்து விடியலில் ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் பின்னாலேயே வந்தன. கேட்காமலே இறங்கிக் கல்லெடுத்து டயருக்கு அண்டக் கொடுத்தார்கள். ஒரு பெரியம்மா என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏத்தா, நீ பட்டறைக்காரர் மகதான?" என்றார். ஆமாம் என்றதும் அவருடைய ஜீப்பில் பாதி மூட்டை ஏறிவிட்டது. பாரம் குறைந்த வண்டியைக் கயிறு கட்டி மெட்டுக்கு இழுத்தார்கள். மெட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் கீழே போடி முழுக்கத் தெரியும். அங்கே நான் இன்னார் மகள், இன்னார் பேத்தி. முதுகைத் திருப்பி நாலு அடி மேற்கே வைத்தால் பச்சக்கறி சேச்சி, காய்கறிக்கார அக்கா. இத்தனை வருஷத்தில் இங்கே யாரும் என்னை அதட்டியதில்லை, ஏமாற்றியதில்லை. ஆனால் நான் யார் மகள் என்று கேட்டதும் இல்லை. என் மனத்தாங்கல் எல்லாம் அது ஒன்றுதான்.

ஆசான் முதலில் வண்டியைத் தொடவே இல்லை. என்னையே உட்காரச் சொன்னார். கை பிரேக்கை இழுத்து, டாப் கியரில் போட்டு, கிளட்ச்சை மெல்ல விடச் சொன்னார். கிளட்ச் பிளேட் நன்றாக இருந்தால் அந்த நிமிஷமே எஞ்சின் அணைந்துவிட வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "கிளட்ச் தீர்ந்நு மோளே" என்றார்.

கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்றால் பாதி நாள் வேலை. நான் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். கட்டன்சாயா வந்தது. இங்கே எல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பால் இல்லாத டீ பழகிவிட்டது, கப்பையும் மீன்கறியும் பழகிவிட்டது, நாள் கணக்கில் வெயில் பார்க்காமல் இருப்பதும் பழகிவிட்டது. அப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஆசான், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குச் சுழற்சி கொண்டு போகும் புரொப்பலர் ஷாஃப்டைக் கழற்றப் போனார். கழற்றுவதற்கு முன்னால் இரண்டு பிளேஞ்சிலும் சேர்த்து உளியால் சின்னதாக ஒரு கோடு போட்டார். திரும்ப மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும், இல்லாவிட்டால் ஷாஃப்ட் உதறும். என் அப்பாவும் அதே மாதிரிதான் கோடு போடுவார். அவ்வளவுதான், நான் போடிக்குப் போய்விட்டேன்.

அப்பாவுக்குப் பட்டை வேலை, வண்டியின் பாரம் தாங்கும் வில் தகடுதான் பட்டை. லாரிகளுக்கும் டிராக்டர்களுக்கும் பட்டை கழற்றி, உலையில் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றிக் கொடுப்பார். காய்ச்சிய பட்டை எண்ணெயில் இறங்கும்போது வரும் புகையில்தான் நாங்கள் வீட்டுப்பாடம் எழுதினோம். ஆயுத பூஜை அன்றைக்குச் சம்மட்டிக்கும் சந்தனம், உலைக்கும் சந்தனம், வாசலில் நிற்கும் லாரிக்கும் சந்தனம். பொரிகடலை பொட்டலம் வாங்கத் தெருவே வரும். பூசணிக்காய் உடைக்கும் சத்தம் ராத்திரி வரைக்கும் கேட்கும். பட்டறைக்கும் ஸ்டேஷனுக்கும் தூரமில்லை. 2010 கடைசியில் அகலப் பாதைக்காக நிறுத்திய ரயில் 2023 ஜூனில்தான் மறுபடி போடிக்கு வந்தது. இடுக்கி மாவட்டத்தில் ரயிலே கிடையாது. என் பிள்ளைகள் முதன்முதலில் ரயில் பார்த்ததே தாத்தா தோளில் உட்கார்ந்துதான்.

பிளேட் வெளியே வந்ததும் ஆசான் கூப்பிட்டுக் காட்டினார். லைனிங் முழுக்கத் தேய்ந்து ரிவெட் தலைகள் மின்னின. பிளேட் ஒட்டிப் பிடிக்கும் பிளைவீலில் நீலம் நீலமாகச் சூட்டுத் தழும்பு. அதை லேத்துக்கு அனுப்பி முகம் எடுத்துவிட்டு வர வேண்டும் என்றார். பிளேட்டோடு பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க் பின்பக்கத்து ஆயில் சீல் எல்லாம் சேர்த்து மாற்றச் சொன்னார். சீலுக்குப் பெரிய விலை இல்லை. ஆனால் அதில் ஒரு சொட்டு ஒழுகிப் புது பிளேட்டில் பட்டால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். கூலிதான் பெரிய காசு, ஆகவே ஒரே இறக்கத்தில் எல்லாம் முடிய வேண்டும் என்பது அவர் கட்சி. எனக்கும் அது சரியாகவே பட்டது. பிளேட்டை நடுவில் நிறுத்த அவரிடம் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்ட் துண்டு ஒன்று இருந்தது. அதைச் சொருகிப் பிளேட்டைப் பிடித்துக்கொண்டு, பிரஷர் பிளேட் போல்ட்டுகளை எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினார். கியர்பாக்ஸ் முதல் தள்ளிலேயே போய் உட்கார்ந்தது. கேபிளில் கொஞ்சம் ஆட்டம் விட்டு வைத்தார். பெடல் முதலில் சும்மா இறங்கி, அப்புறம்தான் பாரம் பிடிக்க வேண்டுமாம்.

வேலை முடிந்தது என்று எழுந்தேன். அவர் வண்டியின் முன்மூலையை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். வண்டி ஆடியது, நிற்காமல் ஆடியது. ஷாக் அப்சார்பர் உடம்பெல்லாம் எண்ணெய் ஒழுகிப் புழுதி அப்பியிருந்தது. நாலும் மாற்றாமல் வண்டியைத் தர மாட்டேன் என்றார்.

நான் அப்பாவுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஷாக் எதுக்குத்தா? பின்னாடி எக்ஸ்ட்ரா ஒரு பட்டை வெச்சா தீந்துச்சு. வண்டிக்குப் பட்டைதான் முதுகெலும்பு" என்றார் அப்பா. ஆசானுக்குத் தமிழ் காதில் ஏறும், வாயில் வராது. "லீஃப் பாரம் எடுக்கும், சாட்டம் நிர்த்தில்லா" என்றார். நான் நடுவில் நின்று மாற்றிச் சொன்னேன். பாரத்தைப் பட்டை தாங்கும். ஆனால் ஒரு தடவை அமுங்கிய பட்டை தானாக நிற்காது, துள்ளிக்கொண்டே இருக்கும். ஷாக்குக்குள் எண்ணெய் சின்ன ஓட்டை வழியாகப் போய் வரும்போதுதான் அந்தத் துள்ளல் அடங்கும். அப்பா விடவில்லை. கீழே சமதளத்தில் செங்கல்லும் கரும்பும் ஏற்றும் வண்டிகளைப் பார்த்தே வாழ்ந்தவர். ஆசான் பார்த்ததெல்லாம் எஸ்டேட் ஜீப். நெடுஞ்சாலை இப்போது நல்ல ரோடுதான். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் பாதைதான் கல்லும் குழியும். ஒரு வளைவுக்குள் குழியில் விழுந்து டயர் துள்ளினால், துள்ளுகிற நேரத்துக்கு அது ரோட்டில் இல்லை. ரோட்டில் இல்லாத டயருக்குப் பிரேக் எங்கே பிடிக்கும்?

கொஞ்ச நேரத்தில் நான் மாற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டேன், தேவைப்படவில்லை. அப்பா தமிழில் கேட்கிறார், ஆசான் மலையாளத்தில் பதில் சொல்கிறார், இரண்டு பேர் குரலும் ஏறுகிறது. ஒர்க்‌ஷாப் பையன்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறார்கள். கடைசியில் அப்பா, "டயர் எப்படித் தேஞ்சிருக்கு, காட்டச் சொல்லு" என்றார். வீடியோவில் காட்டினோம். ஆசான் உள்ளங்கையால் டயரைச் சுற்றித் தடவினார். ஓரிடம் மேடு, ஓரிடம் பள்ளம். துள்ளித் துள்ளி ஓடிய டயர்தான் அப்படித் தேயும். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நாலும் மாத்திருங்க ஆசானே" என்றார். நானும் என் அண்ணன்களும் சின்ன வயதிலிருந்து அவரோடு வாதாடிப் பார்த்தவர்கள். அவர் விட்டுக்கொடுத்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். ராஜகுமாரியில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுகொண்டு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

முன்பக்க ஜோடி இங்கேயே கிடைத்தது. பின்பக்க ஜோடி ஓணம் முடிந்துதான் வரும் என்றார் ஆட்டோமொபைல்ஸ் கடைக்காரர். அப்பா தேனியில் வாங்கி, தோட்டத்து ஜீப்பில் விடியலில் ஏற்றிவிட்டார். தினத்தாள் சுற்றிய பார்சலுக்குள் இரண்டு ஷாக், புது ரப்பர் புஷ், கூடவே நாலு எலுமிச்சம்பழம்.

ஷாக்கை அப்படியே மாட்டவில்லை. நிமிர்த்திப் பிடித்து முழு நீளத்துக்கு இழுத்து, அமுக்கி, இழுத்து, உள்ளே இருக்கும் காற்று போன பிறகுதான் மாட்ட வேண்டும். அந்த வேலையை ஆசான் என் மகனிடம் கொடுத்தார். முகம் சிவக்கச் சிவக்க அவன் அமுக்கினான். துருப்பிடித்த பழைய நட்டுகளை முந்தின நாளே மண்ணெண்ணெயில் ஊறப் போட்டிருந்தார்கள், அப்படியும் ஒன்றைக் காய்ச்சித்தான் எடுக்க முடிந்தது. போனில் அப்பா, "வண்டி தரையில நின்ன பெறகு கடைசி முறுக்கு முறுக்கச் சொல்லுத்தா. தூக்கி வெச்சே முறுக்குனா புஷ் பிஞ்சிரும்" என்றார். "அதெனிக்கறியாம்", அது எனக்கே தெரியும் என்று ஆசான் சிரித்தார். ஆனாலும் முறுக்குவதை அப்பாவுக்குக் காட்டினார்.

பில் எழுதிய தாளில் சாமான் தனி, கூலி தனி. கழற்றிய பழைய சாமானெல்லாம் ஒரு சாக்கில் கட்டி என்னிடமே வந்தது. அப்பா வாழ்க்கையில் பில் எழுதியதில்லை. "அப்புறம் பாத்துக்கலாம்" என்பார், பாதிப் பேர் பார்த்துக்கொள்ளவே மாட்டார்கள். இந்தத் தாள் முறை எனக்குப் பிடித்திருக்கிறது, மனசாரச் சொல்கிறேன்.

ஆசான் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று கேட்டு நாலு டயருக்கும் அவரே வைத்தார். "எடுத்தோ மோளே" என்றார். எடுத்தேன். கிளட்ச் பாதியில் பிடித்தது, வண்டி உதறாமல் கிளம்பியது.

ஓண லோடு மிச்சமெல்லாம் அந்த வண்டியில்தான் ஏறியது. அப்புறம் எனக்குத் தெரியாமலேயே இரண்டு பேரும் போனில் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஒரு நாள் ஒர்க்‌ஷாப்பைத் தாண்டிப் போகும்போது ஆசான் பக்கத்துக் கடைக்காரரிடம், போடியில் பட்டறை வைத்திருக்கும் இன்னாருடைய மகள் என்று என்னைக் காட்டிச் சொன்னார். அன்றைக்குக் கடையில் எடை போடும்போது கை லேசாக இருந்தது.

இப்போது புரொப்பலர் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் கிராஸில் ஒரு டக் டக் சத்தம் கேட்கிறது. ஆசான், இங்கேயே இறக்கி ஒரே நாளில் மாற்றிவிடலாம் என்கிறார். அப்பா, தீபாவளிக்கு வரும்போது பின்பட்டையையும் கழற்றி வளைவு பார்க்க வேண்டும், எல்லாம் சேர்த்துப் பட்டறையில் செய்துகொள்ளலாம் என்கிறார். பட்டை காய்ச்சுவதைப் பார்க்க ஆசானும் எங்களோடு போடிக்கு வருகிறாராம். அதுவரை பாரம் குறைத்து ஓட்டச் சொல்லியிருக்கிறார்கள், அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே பேச்சு.