மாமாவின் ரத்தமும் மான் எலியின் ரத்தமும்: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் கல்லூரி ஆசிரியர் பணிக்குமான தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் லைஃப் சயின்ஸ் பாடத்தை முதல் முறை எழுதியபோது, உயரமலைப் பாலூட்டிகள் பற்றிய ஒரு கேள்வியில் தவறிவிட்டேன். உயரத்தில் வாழும் விலங்கு என்றாலே சிவப்பணு அதிகம் என்று பள்ளியிலிருந்தே மனதில் பதிந்திருந்தது. பகுதி சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண். தப்பானால் அது போவதோடு இன்னொரு மதிப்பெண்ணும் கழியும்.

குழப்பத்தைத் தீர்த்தது எங்கள் கம்மவான்பேட்டை மாமா. ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், லடாக்கில் பணியாற்றியவர். "லேவுல இறங்கின உடனே ஓடியாடக் கூடாதும்மா. சும்மா படுத்துக் கிடந்து உடம்பைப் பழக்கணும்" என்றார். லே ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரம். அங்கே அவருக்கு ஏறிய ஹீமோகுளோபின் அளவு, வேலூர் வெயிலுக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் பழையபடி இறங்கிவிட்டது. அவர் மகளுக்கும் அதில் எதுவும் போகவில்லை. இது இணக்கம், அதாவது உடம்பு தற்காலிகமாகப் பழகிக்கொள்வது. தகவமைவு என்பது மரபணுவில் இருந்து குட்டிகளுக்கும் போவது.

அன்றிலிருந்து எந்தப் பண்பைப் படித்தாலும் ஒரே கேள்விதான் கேட்பேன்: சமவெளியில் பிறந்து வளரும் குட்டியிடமும் இது இருக்குமா?

வட அமெரிக்காவின் மான் எலியை இதற்காகவே நன்றாகப் படியுங்கள். ஒரே இனம் சமவெளியிலும் இருக்கிறது, 4,300 மீட்டர் சிகரங்களிலும் இருக்கிறது. மலை எலியின் ஹீமோகுளோபின் புரதத்திலேயே சில அமினோ அமிலங்கள் மாறியிருப்பதால் அது ஆக்ஸிஜனை இறுக்கமாகப் பிடிக்கிறது.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஆக்ஸிஜன் பிரிகை வளைகோட்டைத் தினமும் ஒரு முறை வரைந்தேன். எந்த ஆக்ஸிஜன் அழுத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு ஆக்ஸிஜனைப் பிடித்திருக்கும் என்று காட்டும் கோடு அது. மனிதருக்குப் பாதி நிறைவு சுமார் 27 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில். அதில் பென்சிலால் ஒரு புள்ளி. மலையேறும் மனிதரின் சிவப்பணுவில் டிபிஜி என்ற வேதிப்பொருள் கூடும், அது ஹீமோகுளோபினில் ஒட்டி, பிடியைத் தளர்த்தி, கோட்டை வலப்பக்கம் தள்ளும். மலை மான் எலிக்கும், தென் அமெரிக்க மலை விலங்கான லாமாவுக்கும் பிடி இறுக்கம், அதனால் கோடு இடப்பக்கம். லாமாவின் ஹீமோகுளோபினில் டிபிஜி சரியாக ஒட்டாது. இரண்டையும் ஒரே தாளில் இரண்டு நிறத்தில் வரைந்த பிறகுதான் எனக்கு இடமா வலமா என்ற குழப்பம் போனது.

அப்புறம், சிவப்பணு கூடுவது எப்போதும் நல்லதில்லை. ரத்தம் கெட்டியாகும், இதயத்துக்குச் சுமை. திபெத்திய மக்களிடம் இபாஸ்1 (EPAS1) மரபணுவின் ஒரு வடிவம் இந்த ஏற்றத்தை அடக்கி வைப்பதாக 2010-இல் ஆய்வுகள் வந்தன. என் தவறான விடைக்கு நேர் எதிர்!

நுரையீரல் பற்றிப் படிக்கக் கவரிமாவும் (யாக்) சாதாரண மாடும் போதும். மாட்டை மேலே ஏற்றினால் நுரையீரல் தமனி சுருங்கி அழுத்தம் ஏறும், சில மாடுகளுக்கு நெஞ்சுப் பகுதியே வீங்கும். கவரிமாவின் தமனிச் சுவர் மெல்லியது, அப்படிச் சுருங்குவதில்லை.

உயரச் சாதனையாக ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சிலி–அர்ஜென்டினா எல்லையிலுள்ள யுயாயாகோ எரிமலை உச்சி, 6,739 மீட்டர், 2020-இல் பிடிபட்ட இலைக்காது எலி. மற்ற விலங்குகளின் பட்டியலை மனப்பாடம் செய்து நேரத்தைக் கரைக்க வேண்டாம். அந்த நேரத்தில் இன்னொரு வளைகோடு வரையுங்கள்.