ஹார்டனில் கிளாட்ஸ்டனின் புத்தகங்களோடு ஓர் இரவு

செஸ்டரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்திலேயே வேல்ஸ் எல்லை தாண்டி ஹார்டன் வந்துவிடுகிறது. சின்ன ஊர்தான். நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்த வில்லியம் கிளாட்ஸ்டனின் நூலகம் இங்கேதான் இருக்கிறது. அறை எடுத்துத் தங்கிப் படிக்கலாம். எண்பது வயதுக்கு மேல் தன் மாளிகையிலிருந்த 32,000 புத்தகங்களை மகள், பணியாள் துணையோடு தள்ளுவண்டியில் இங்கே கொண்டுவந்து சேர்த்தார் மனிதர்.

மர அலமாரிகளுக்கு நடுவே உட்கார்ந்தால், இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விதான் எனக்குள் ஓடியது. அப்பா ஜான் கிளாட்ஸ்டன் லிவர்பூல் வியாபாரி. இன்றைய கயானாவில் கரும்புத் தோட்டங்களும் அடிமைகளும் வைத்திருந்தவர். அடிமை முறையை ஒழித்தபோது நஷ்டஈடாக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் வாங்கினார். 1832இல் டோரி (பழமைவாதக் கட்சி) எம்.பி.யான மகனும் தோட்ட முதலாளிகள் பக்கம் நின்றுதான் பேசினார். 1838இல் கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அந்தத் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். 2023இல் கிளாட்ஸ்டன் வாரிசுகள் கயானாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள்.

வயது ஏற ஏறப் பழமைவாதியாகிறவர்கள்தான் அதிகம். இவர் தலைகீழ், லிபரல் தலைவராகிவிட்டார். 1872இல் ரகசிய வாக்குப்பதிவு வந்தது இவர் ஆட்சியில்தான். ரிப்பனை 1880இல் வைஸ்ராயாக அனுப்பியதும் இவரே. ஆம், நம் சென்னை ரிப்பன் மாளிகையின் ரிப்பன்! அதற்காக ஏகாதிபத்தியத்துக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம்: 1882இல் அலெக்சாண்டிரியாவைக் குண்டுவீசித் தகர்த்து எகிப்தைப் பிடித்ததும் இவர் அரசுதான்.

கடைசிக் காலம் முழுக்க அயர்லாந்துதான். தன்னாட்சி மசோதா 1886இல் 341-311 என்று தோற்றது, கட்சியும் உடைந்தது. 1893இல் மறுபடி கொண்டுவந்தார். இந்த முறை பிரபுக்கள் சபை கவிழ்த்தது. அடுத்த ஆண்டு பதவி விலகியபோது வயது 84.

நூலகத்தின் முன் நிற்கும் அவருடைய நினைவுச்சின்னம் டப்ளினுக்காகச் செய்தது. 1890இல் விவாகரத்து வழக்கில் பெயர் கெட்ட ஐரிஷ் தலைவர் பார்னெலைக் கிளாட்ஸ்டன் கைகழுவியதை அந்த ஊர் மறக்கவில்லை. பார்னெலுக்குச் சிலை வைக்கும்வரை எந்த ஆங்கிலேயருக்கும் இங்கே சிலை கிடையாது என்று 1898இல் டப்ளின் மாநகராட்சி தீர்மானமே போட்டது. கடைசியில் 1925இல் ஹார்டனிலேயே நிறுத்திவிட்டார்கள்.